முருகன் பெயரில் ஒரு பக்கம்

(எங்கள் ஊர் வணிகர் சங்க ஆண்டு விழாவில் பேசியது. கேட்டவர்கள் பலர் எழுத்தில் வேண்டும் என்றார்கள். பேசியபடியே எழுதியிருக்கிறேன், மைக் கரகரத்த இடங்களை மட்டும் விட்டுவிட்டேன்.)

விழாத் தலைவர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து எங்களையெல்லாம் வெட்கப்பட வைத்த சார் ஆட்சியர் அம்மா அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, தவத்திரு அடிகளார் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, வங்கி மேலாளர் அவர்களே (இவரை மறந்தால் நாளைக்குக் கடையைத் திறக்க முடியாது), கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, சாத்தாமல் பையனை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கும் கெட்டிக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அடிகளாரும் பங்குத்தந்தையும் ஜமாத் தலைவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மேடையில் நான் பொய் சொன்னால் மூன்று பக்கமும் மாட்டிக்கொள்வேன். அதனால் கவனமாகப் பேசுகிறேன்.

இளைஞர் அணிச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இறைநம்பிக்கை வழியில் தொழில்முனைவும் தன்வளர்ச்சியும்’. லாரி நீளத்துக்கு ஒரு தலைப்பு. இதில் மூன்று செய்திகள் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். முதலாவது, நம்பிக்கை ஒரு வியாபாரியை எப்படி வளர்க்கிறது. இரண்டாவது, கடன் வாங்கித் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. மூன்றாவது, நம் வீட்டுப் பெண்கள் நடத்தும் தொழில்கள். இந்த மூன்றுக்கும் எனக்கு ஒரே பழமொழிதான் தெரியும். என் கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த பழமொழி: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கதையைக் கேளுங்கள்.

1969. எனக்குப் பதினான்கு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போய் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் விட்டார். முதலாளி பெயரைச் சொல்ல மாட்டேன், இருந்தால் அவருக்குப் பிடிக்காது. அண்ணாச்சி என்போம். சாப்பாடு, கடை மாடியில் சாக்குப் படுக்கை, மாதம் பதினைந்து ரூபாய் சம்பளம். சம்பளம் மணியார்டராக நேரே அம்மாவுக்குப் போய்விடும். என் கைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் கால் ரூபாய், அவ்வளவுதான்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முருகன் படம். படத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் தகர டப்பா, மூடியில் துளை. ஒரு மூட்டை விற்றால் ஐந்து காசு அந்தத் துளைக்குள் விழ வேண்டும். அதற்குப் பெயர் மகமை. பருப்பு போனாலும் ஐந்து காசு, வத்தல் போனாலும் ஐந்து காசு. லாபத்துக்கு விற்றாலும் நட்டத்துக்கு விற்றாலும் அதே ஐந்து காசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கம் தியேட்டரில் எம்ஜிஆர் படம். கூட இருந்த பையன்கள் போகிறார்கள். என் கால் ரூபாய் வெள்ளிக்கிழமையே கடனாகப் போய்விட்டது. டப்பாவைப் பார்த்தேன். முருகனையும் பார்த்தேன். சாமி எங்கே எண்ணப் போகிறது என்று நினைத்தேன். கடையில் புளிக்குப் பஞ்சமா? ஈர்க்குச்சி நுனியில் கொஞ்சம் புளியைப் பூசித் துளைக்குள் விட்டால் காசு ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்படியே ஒன்றே கால் ரூபாய் எடுத்தேன். படம் பார்த்தேன், இடைவேளையில் முறுக்கு தின்றேன், வரும் வழியில் முட்டை பரோட்டாவும் ஆயிற்று.

எனக்குத் தெரியாத ஒன்று என்னவென்றால், அண்ணாச்சி இரவு கல்லாவை எண்ணும்போது டப்பாவையும் எண்ணுவார். நாள்வழியில் இத்தனை மூட்டை என்று இருக்கும், அதற்கு இத்தனை காசு டப்பாவில் இருக்க வேண்டும். மறுநாள் காலை ஊதுபத்தி ஏற்றிவிட்டு, என் பக்கம் திரும்பாமல், படத்தைப் பார்த்துப் பேசினார்: “முருகா, உனக்குப் பழனியில் பஞ்சாமிர்தம்தானே? எப்போதிருந்து புளி சாப்பிட ஆரம்பித்தாய்? காசெல்லாம் பிசுபிசு என்று இருக்கிறதே!”

எனக்குக் கால் நடுங்கிவிட்டது. அடி விழும், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று நின்றேன். அவர் அடிக்கவில்லை. பேரேட்டை எடுத்தார். கடைசிப் பக்கங்களில் ஒன்றைப் புரட்டினார். தலையில் பிள்ளையார் சுழி, கீழே ‘ஸ்ரீ முருகன் பற்று வரவு’. அந்தப் பக்கத்தில் எனக்கு முன்பே ஒரு கடன்காரர் பெயர் இருந்தது. அண்ணாச்சியின் பெயர்தான்! போன ஐப்பசி அடைமழையில் வியாபாரம் படுத்தபோது லாரி வாடகைக்கு முருகனிடம் 340 ரூபாய் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து வருகிறார். தன்னிடம் கடன் வாங்குகிறவர்களுக்கு என்ன வட்டியோ அதே வட்டி. சாமிக்கென்று சலுகையும் இல்லை, சாமியிடம் சலுகையும் இல்லை.

பேனாவை என் கையில் கொடுத்து, “எழுதுடா” என்றார். என் பெயரைப் போட்டு, பற்று ரூபாய் ஒன்று, காசு இருபத்தைந்து என்று எழுதினேன். கை எழுத்தில் நிற்கவில்லை, இன்றைக்கும் அந்த ‘ஒன்று’ கோணலாகத்தான் இருக்கும். “நீ எடுத்ததை விட, எழுதாமல் எடுத்ததுதான் எனக்கு வருத்தம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடணும். எடுத்தாலும் அளந்துதான் எடுக்கணும்” என்றார். ஐந்து மாதம், மாதம் கால் ரூபாய் கட்டினேன். வட்டி நாலு காசு. கணக்குத் தீர்ந்த அன்று அண்ணாச்சி என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துச் சிட்டை எழுதச் சொன்னார். திருடிய பையனைக் கணக்குப்பிள்ளை ஆக்கினார் என்று அந்த வீதியே சிரித்தது.

1983-ல் இந்த ஊரில் நான் கடை போட்டபோது பேரேட்டில் முதலில் திறந்த பக்கம் முருகன் பக்கம்தான். 2020 ஊரடங்கில் நானும் அந்த முருகனிடம் கடன் வாங்கினேன். எழுதிவைத்து, வட்டியோடு 2022 தையில் அடைத்தேன். தன்வளர்ச்சி என்று செயலாளர் கேட்டாரே, எனக்குத் தெரிந்த தன்வளர்ச்சி இவ்வளவுதான்: யாரும் கேட்க முடியாத ஒரு கணக்கை நாமே ஒழுங்காக எழுதப் பழகுவது. வருமான வரிக்காரர் அந்தப் பக்கத்தைக் கேட்க மாட்டார். பங்காளியும் கேட்க மாட்டார்.

இது என் அண்ணாச்சி ஒருவரின் பழக்கம் இல்லை. விருதுநகர் நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் சிறு பங்கை மகமையாக ஒதுக்கி, வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வளர்த்த பள்ளிதான் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை. காமராஜர் படித்த பள்ளி. பின்னாளில் மதிய உணவுத் திட்டத்தை ஊரெங்கும் கொண்டுபோனவர், சிறுவயதில் பிடி அரிசியில் நடந்த பள்ளியில் உட்கார்ந்திருந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நகரத்தார் பிள்ளைகள் கடல் கடந்து போனபோது பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாவார்கள். மூன்றாண்டுக்கு ஒரு சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம். போன இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859-ல் வந்தது. காசியில் 1863-ல் சத்திரம் வைத்தார்கள், இன்றும் அங்கிருந்து விசுவநாதருக்குச் சம்போ, அதாவது பூசைப் பொருள் ஊர்வலம், போகிறது.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன், அடிகளார் கோபிக்கக் கூடாது. அதே நகரத்தார் வட்டித்தொழில் செய்த பர்மாவில் 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நெல் வயல்கள், கீழ்ப் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, இந்த லேவாதேவிக்காரர்கள் கைக்கு வந்து சேர்ந்தன. மகமை எழுதிய பேனாதான் அதையும் எழுதியது. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த ஊர்க்காரன் மனத்தில் அது எப்படிப் பதிந்தது என்பது பின்னால் தெரிந்தது. ஆகவே கோயில் கட்டினவன் எல்லாம் நல்ல வியாபாரி என்று நான் சொல்ல வரவில்லை. சாமி பக்கத்தை ஒழுங்காக எழுதிவிட்டு, எதிரே நிற்கிறவன் பக்கத்தைப் படிக்காமல் விட்டால் அதுவும் பொய்க்கணக்குதான். கடன் பற்றிய என் இரண்டாவது செய்தியும் இதற்குள் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் டாக்டர் வெங்கடசாமி என்று ஒருவர் இருந்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்தவர். அரவிந்தர் மேல் ஆழ்ந்த பற்று. அரசு வேலையில் ஓய்வு பெற்று 58 வயதில், 1976-ல், பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் உள்ளவர் கொடுப்பதில் இல்லாதவருக்கும் வைத்தியம் என்பது கணக்கு. அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு வில்லையின் விலை கட்டவில்லை என்றதும் 1992-ல் ஆரோலேப் தொடங்கி வில்லையை இங்கேயே செய்தார்கள். நம்மில் 58 வயதில் பலர் மகனிடம் கடைச் சாவியைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் பக்தியை மட்டும் நம்பவில்லை. ஓர் அறுவைக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு செலவு என்று அளந்தார். மறுபடியும் அதே பழமொழிதான், மன்னியுங்கள். ஆற்றிலே போட்டாலும்... சரி, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆறு என்றதும் எனக்குத் தண்ணீர் நினைவு வந்துவிடுகிறது. இனி நான் எங்கே போவேன் என்று முன்வரிசைக்குத் தெரியும், இப்போதே சிரிக்கிறார்கள். ஆமாம், ஊருணிதான்.

ஊருணி பற்றிய குறளை எனக்கு முன் பேசிய மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். நான் கேட்பது, நம் ஊருணியைக் கடைசியாக எப்போது எட்டிப் பார்த்தீர்கள் என்பதுதான். என் தாத்தா காலத்தில் அதில் கால் கழுவினால் அபராதம், குடிதண்ணீர் என்பதால். இன்றைக்குக் கரை தெரியாமல் சீமைக்கருவேலம். வண்டல் ஓர் ஆள் உயரம். நான் கயிறு கட்டி அளந்தேன். மழை பெய்தாலும் தண்ணீர் வராது, வரத்துக்கால் மூன்று இடத்தில் அடைபட்டிருக்கிறது. அதில் ஓரிடத்தில் ஒரு கடையின் பின்சுவர் நிற்கிறது. யாருடையது என்று சொல்ல மாட்டேன், நல்ல மனிதர், பொன்னாடைக்கு அவர்தான் செலவு செய்தார்.

அதை வெட்டியவர்கள் யார்? அரசாங்கம் இல்லை. இந்தக் கடைவீதியின் மகமை. என் கோரிக்கை சின்னது. பில் ஒன்றுக்கு ஒரு ரூபாய். அதை வாடிக்கையாளர் பில்லில் ஏற்றக் கூடாது, நம் லாபத்திலிருந்து எடுக்க வேண்டும். பில்லில் ஏற்றினால் அது மகமை இல்லை, வரி. பிள்ளையார் படத்துக்குக் கீழே வைப்பவர் வையுங்கள், குருசடிப் படத்துக்குக் கீழே வையுங்கள், ஜகாத் கணக்குப் போடும் பாய்மார்கள் அது வேறு இது வேறு என்று தனி டப்பா வையுங்கள். தகர டப்பா வேண்டாம் என்கிற பையன்கள் கியூஆர் அட்டை ஒட்டுங்கள், புளிக்கு அங்கே வேலையில்லை. மாதக் கடைசியில் கணக்குச் சங்கப் பலகையில் எழுதப்படும். கடை பெயரும் தொகையும் அல்ல, மொத்தமும் செலவும்.

சார் ஆட்சியர் அம்மா அவர்களே, தூர்வார அனுமதி கேட்டும், வரத்துக்காலை அளந்து கல் நடக் கேட்டும் இரண்டு மனுக்களை உங்கள் முன்னால் மேசையில் வைத்திருக்கிறேன். பூங்கொத்துக்குக் கீழே இருக்கிறது. வண்டலை விவசாயிகள் அள்ளிக்கொள்ளட்டும், நாங்கள் காசு கேட்கவில்லை.

மூன்றாவது செய்தி, பெண்கள் தொழில். அதை என் மருமகள் பேசினால்தான் சரியாக இருக்கும். கடையின் இணைய வியாபாரம் முழுக்க அவள் கையில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு என்னைக் கூப்பிடாமல் அவளைக் கூப்பிடுங்கள்.

நன்றியுரை சொல்ல வேண்டியவர் மூன்றாவது முறையாக எழுந்து நிற்கிறார். முடித்துக்கொள்கிறேன். வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசையில் ஒரு நீள நோட்டு, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். முதல் வரி என் கடையுடையது. இன்று போட்ட பில் 214, மகமை 214 ரூபாய். டப்பா பக்கத்திலேயே இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த வரியை எழுதுங்கள்.