யானை வரும் ஊரில் எப்படித் தூங்குவது?

கேள்வி: "ஐயா, நாங்கள் திருப்பூரிலிருந்து சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் வாங்கிக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. கணவருக்கு வாரத்தில் நான்கு நாள் திருப்பூரில் வேலை. நானும் மாமியாரும் ஆறு வயதுப் பையனும்தான் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருக்கிறோம். போன மாதம் மோட்டார் ரூமில் ஒரு பாம்பைப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்தில் யானை புகுந்து வாழையைத் தின்றுவிட்டுப் போனது. அன்றிலிருந்து ராத்திரி தூக்கம் இல்லை. இங்கே வந்ததே தப்போ என்று தோன்றுகிறது. நீங்கள் எல்லாம் எப்படிப் பயமில்லாமல் இருக்கிறீர்கள்?"

பதில்: வணக்கம். கேள்வி கேட்ட சகோதரிக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கும் பயம் உண்டு. இருபத்திரண்டு வருடமாக இதே அடிவாரத்தில்தான் இருக்கிறேன், இன்றைக்கும் யானை என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் உங்கள் பயம் பகல், ராத்திரி என்று இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. என் பயத்துக்கு நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் இட்டேரியில், அதாவது இரண்டு பக்கமும் வேலி இருக்கிற தோட்டத்துத் தடத்தில், நடக்கும்போது வரும். காலையில் வெயில் ஏறினதும் போய்விடும். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதற்காகப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மீதி நேரம் நிம்மதியாகத் தூங்கலாம் அம்மிணி. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பாம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் பக்கம் யானையைவிடப் பாம்பால்தான் அதிகம் பேர் சாகிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அதில் பெரும்பாலோர் நம்மைப் போலக் கிராமத்தில் இருக்கிறவர்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடிய சாவு.

மோட்டார் ரூமுக்குப் பாம்பு ஏன் வருகிறது? அங்கே எலி இருக்கிறது. பழைய சாக்கு, உடைந்த பைப், ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே சூடான மூலை, இவ்வளவு போதும். நீங்கள் பார்த்தது நீளமாக, பழுப்பாக, உங்களைப் பார்த்ததும் சர்ரென்று ஓடியிருந்தால் அநேகமாகச் சாரை. அதற்கு விஷம் கிடையாது. தோட்டத்துக்கு அது சம்பளம் வாங்காத காவல்காரன், எலியைத் தின்று நெல்லைக் காப்பாற்றும். ஓடாமல் நின்று படமெடுத்திருந்தால் நல்ல பாம்பு. படமெடுப்பது "தள்ளிப் போ" என்று சொல்வதுதான். நீங்கள் இரண்டு எட்டு பின்னால் வைத்தால் அதுவும் இறங்கிப் போய்விடும்.

நான் பயப்படுவது இந்த இரண்டுக்கும் இல்லை. கண்ணாடி விரியனுக்கும் கட்டுவிரியனுக்கும்தான். பெரும்பாலான பாம்புகள் நம் காலடி அதிர்வு தெரிந்தால் விலகிவிடும். கண்ணாடி விரியன் விலகாது. காய்ந்த சருகுக்குள் சுருண்டு அப்படியே கிடக்கும். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஆவி சீறும் இல்லையா, அந்தச் சத்தம் காலுக்குக் கீழே கேட்டால் அதே இடத்தில் நின்று, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வந்த வழியே பின்வாங்க வேண்டும். அதனால் இருட்டினால் டார்ச் இல்லாமல் வாசல்படி இறங்கவே கூடாது. செல்போன் லைட் போதாது, அது கையைத்தான் காட்டும், தரையைக் காட்டாது.

கட்டுவிரியன் வேறு மாதிரி. அது ராத்திரிப் பாம்பு. தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறவர் பக்கத்தில் ஊர்ந்து வரும், அவர் புரண்டு படுத்தால் கடித்துவிடும். கடித்ததே பல பேருக்குத் தெரியாது, எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி வரும், கண் இமை தொங்கும், பேச்சு குழறும். ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்போம், அதற்குள் மூச்சு நின்றுவிடும். இதற்கு இருக்கிற வழி எவ்வளவு சின்னது பாருங்கள். கட்டிலில் படுப்பது, கொசுவலை கட்டி அதன் ஓரத்தை மெத்தைக்குக் கீழே நாலு பக்கமும் செருகுவது. இரண்டும் செய்தால் கட்டுவிரியனைப் பற்றி ராத்திரி நினைக்கவே வேண்டாம். உங்கள் மாமியார் வெக்கைக்குத் திண்ணையில் படுக்கிறவரானால் அங்கேயும் ஒரு கயிற்றுக் கட்டிலும் வலையும் போட்டுக் கொடுங்கள்.

கடித்துவிட்டால் கத்தியால் கீறக்கூடாது, கயிறு கட்டி இறுக்கக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108க்குப் போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி வரத் தாமதமானால் கிடைக்கிற வண்டியில் கிளம்புங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறவர்கள் நம் தமிழ்நாட்டு இருளர்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். பாம்பைப் பிடித்துச் சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்திலிருந்து வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாம் எதைக் கண்டு அலறுகிறோமோ அதைக் கையில் பிடித்து நமக்கு உயிர் கொடுக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சரி, யானை. எங்கள் பக்கம் பெரியவர்கள் யானை என்று பேர் சொல்ல மாட்டார்கள். "சாமி வந்துட்டுப் போச்சு" என்பார்கள். பாம்பையும் ராத்திரியில் பூச்சி என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதில் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நினைத்தேன். பேரைச் சொல்லிக் கூச்சல் போடாமல் மரியாதையாகத் தள்ளி நிற்கிற பழக்கம் அது என்று பின்னால்தான் புரிந்தது.

யானை உங்களைத் தேடி வருவதில்லை. வாழையைத் தேடி வருகிறது, பலாவைத் தேடி வருகிறது, வீட்டுக்குள் வைத்திருக்கிற அரிசி மூட்டையையும் உப்பையும் மோப்பம் பிடித்து வருகிறது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோவுக்கு மேல் தின்ன வேண்டிய உடம்பு. அதனால் அரிசியையும் உப்பையும் காட்டைப் பார்த்த சுவர் ஓரமாக வைக்காதீர்கள், மூடி இருக்கிற டிரம்மில் போட்டு வீட்டின் உள்ளறையில் வையுங்கள். நீங்கள் அந்தப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து படுக்கவும் வேண்டாம். பலா மரம் இருந்தால் காய் முற்றும் முன்னாலேயே வெட்டி இறக்கிவிடுங்கள். நான் காட்டோரத்து ஒரு ஏக்கரில் வாழையை விட்டுவிட்டு மஞ்சளும் சம்பங்கியும் வைத்தேன். யானை இப்போதும் அந்த வழியாக நடக்கிறது, கொஞ்சம் மிதிபடுகிறது, ஆனால் நின்று மேய்வதில்லை.

ஒரு சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு எக்ஸெல் வண்டியில் இட்டேரி வழியாக வந்துகொண்டிருந்தேன். ஏழு மணி இருக்கும். முதலில் மணம்தான் வந்தது. நனைந்த வைக்கோலும் சாணியும் கலந்த மாதிரி, மாட்டுக் கட்டுத்தரை மணத்தைவிடக் கனமாக இருக்கும். எங்கள் கட்டுத்தரை அங்கிருந்து அரைப் பர்லாங்கு தூரம், அவ்வளவு தூரம் வாடை வராது. வண்டியை நிறுத்தினேன். முப்பது எட்டு வைக்கிற தூரத்தில், கிளுவை வேலி ஓரத்தில் இருட்டு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அப்புறம்தான் தந்தம் தெரிந்தது. ஒற்றைக் கொம்பன். அது சோளத்தட்டை ஒடித்துக்கொண்டிருந்தது, காது இரண்டும் விசிறி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. காது ஆடுகிற வரைக்கும் யானை அதன் வேலையைப் பார்க்கிறது என்று அர்த்தம். சட்டென்று காது விரிந்து அப்படியே நின்றது, தும்பிக்கை என் பக்கம் தூக்கியது. என்னை மோந்துவிட்டது. ஆரன் அடிக்கவில்லை, கத்தவில்லை, லைட்டை அதன் கண்ணில் அடிக்கவில்லை. வண்டியை அங்கேயே சாய்த்துவிட்டு, அதைப் பார்த்தபடியே ஒவ்வொரு எட்டாகப் பின்னால் வைத்து வளைவு தாண்டும் வரை போனேன். முதுகு முழுக்க வியர்வை. கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டு ஒடிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டு அவ்வளவு நிம்மதி அடைந்தது அன்றுதான். வண்டியைக் காலையில் போய் எடுத்தேன், ஒரு கீறல் இல்லை.

மணம் தெரிந்ததால் தப்பித்தேன். தெரியாமல் பத்து எட்டுக்குள் போயிருந்தால் கதை வேறு. வால்பாறையில் பல வருடம் ஆராய்ந்து இதைத்தான் கண்டுபிடித்தார்கள். அங்கே சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலை, காபித் தோட்டங்களுக்கு நடுவில் யானையும் தொழிலாளிகளும் சேர்ந்து இருக்கிறார்கள். யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே யானை நிற்பதே தெரியாது. அதனால் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு 2011லிருந்து, எந்தத் தோட்டத்தில் யானை இருக்கிறது என்று தினமும் எஸ்எம்எஸ் அனுப்ப ஆரம்பித்தது. சாலை முனைகளில் சிவப்பு விளக்கு வைத்தார்கள், பக்கத்தில் யானை இருந்தால் எரியும். உயிரிழப்பு நன்றாகக் குறைந்தது. யானையை யாரும் அங்கிருந்து துரத்தவில்லை. அது எங்கே நிற்கிறது என்று மனிதனுக்குச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நீங்களும் இதையே சின்ன அளவில் செய்யலாம். உங்கள் இட்டேரியில் இருக்கிற நாலைந்து சாளைக்காரர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வையுங்கள். யார் கண்ணில் பட்டாலும் "சாமி ஓடைப் பக்கம்" என்று ஒரு வரி போட்டால் போதும். உங்கள் வனச்சரக அலுவலக எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள், காட்டுக் காவலர்கள் ராத்திரியிலும் வருவார்கள். வந்து விரட்டுவதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். நம் ஆட்கள் பட்டாசு வெடித்துக் கல்லெறிந்து விரட்டினால் மிரண்டு ஓடுகிற யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

சிறுத்தை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பையன் இருப்பதால் சொல்கிறேன். சிறுத்தை உங்களைச் சுற்றி ஏற்கனவே இருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மகாராஷ்டிராவில் அகோலே பக்கம் கரும்புக்காட்டுக்குள்ளேயே சிறுத்தைகள் குட்டி போட்டு வாழ்கின்றன. அங்கே ஆராய்ந்து பார்த்ததில் அவை அதிகம் தின்றது நாயைத்தான். அதனால் வீட்டைச் சுற்றி எச்சில் இலையும் கோழிக் கழிவும் கொட்டாதீர்கள், அதற்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். ஆடு இருந்தால் பட்டிக்கு மேலேயும் கம்பி வலை போடுங்கள். பையனை அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும் தனியாக வெளியே விடாதீர்கள். குனிந்தோ குத்தவைத்தோ இருக்கிற குழந்தை அதன் கண்ணுக்கு ஆட்டுக்குட்டி அளவுதான். பகலில் தாராளமாக விளையாடட்டும். "பிடித்துக்கொண்டு போய் வேறு காட்டில் விடுங்கள்" என்று மனு கொடுக்கிறார்கள். அதே மகாராஷ்டிராவில் ஜுன்னர் பக்கம் அப்படிப் பிடித்து வேறு இடத்தில் விட்டபோது, விட்ட இடங்களுக்குப் பக்கத்தில் மனிதர்களைத் தாக்குவது கூடிவிட்டது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். காட்டுப்பன்றிக்காக யாராவது வேலியில் கரண்ட் விடலாம் என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில், பன்றிக்காகச் சட்டவிரோதமாக வைத்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. செத்துக் கிடந்த யானைகளை இரண்டு குட்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன. அந்தப் படத்தைப் பார்த்தபிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கம்பியில் நம் வீட்டுக் குழந்தையும் கால் வைக்கலாம். சோலார் வேலி போடுவதென்றால் முறையாக அனுமதி வாங்கிப் போடுங்கள், அது அடித்துத் தள்ளும், கொல்லாது. பயிர் போனால் அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொண்டு வனத்துறையில் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள்.

வந்தது தப்போ என்று கேட்டீர்கள். தப்பில்லை அம்மிணி. இன்னும் ஆறு மாதம் இருந்து பாருங்கள். மயில் எப்போது கத்தும், குரங்கு எதைப் பார்த்துக் குரல் மாற்றும், நாய் எந்தக் குரைப்புக்கு வாலை ஒடுக்கும் என்று உங்கள் பையன் உங்களுக்கு முன்னாலேயே கற்றுக்கொள்வான். இன்று ராத்திரிக்குக் கொசுவலையைக் கட்டிவிடுங்கள். நாளைக் காலை வெயில் வந்தபிறகு மோட்டார் ரூம் கதவைத் தடியால் நாலு தட்டு தட்டி, கொஞ்சம் நின்று, அப்புறம் திறந்து அந்தச் சாக்கையும் பைப்பையும் ஒரு நீளக் கம்பால் இழுத்து வெளியே போடுங்கள். கையை விட்டு எடுக்காதீர்கள். கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்கைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.