ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நாற்றங்கால் வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் பாசன சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியை அம்மா அவர்களே, மூன்று முறை போன் செய்து வரவழைத்த நூலகர் தம்பி அவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சீட்டில் எழுதித் தந்தது இவ்வளவுதான்.

மழையளவை ராடார் சரியாகச் சொல்கிறதா, மழைமானி சரியாகச் சொல்கிறதா? மூன்று விஷயம் பேசப்போகிறேன்: ராடார், மழைமானி, செயற்கைக்கோள்.

ராடார் மழையை நேராக அளப்பதில்லை. அது அனுப்பும் அலை துளிகளில் பட்டுத் திரும்புகிறது. அந்த எதிரொலியை வைத்துக் கணக்குப் போடுகிறது. 1 மி.மீ. துளியைவிட 2 மி.மீ. துளியில் தண்ணீர் 8 மடங்கு. எதிரொலியோ 64 மடங்கு! நாலு பெருந்துளி போதும், ராடார் ஏமாந்துவிடும். 1948இல் மார்ஷல், பாமர் என்ற இருவர் கனடாவில் இதற்கொரு சூத்திரம் கண்டார்கள். இன்றும் பல இடங்களில் அதுதான் அடிப்படை. அந்த ஊர் மழைக்குப் போட்ட கணக்கு நம் ஐப்பசி இடிமழைக்கு அப்படியே பொருந்துமா? தரையில் பிடித்த மழையோடு ஒப்பிட்டுத் திருத்தியாக வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். வானம் போடுவதை அளக்க வேண்டாமா?

அப்புறம் தூரம். பூமி வளைவு. ராடார் கற்றை 100 கிலோமீட்டர் போவதற்குள் தரையைவிட்டு ஒன்றரை கிலோமீட்டர் மேலே ஏறிவிடும், அதற்குக் கீழே நடப்பது தெரியாது. காரைக்கால் ராடார் நம் நெல்லைச் சீமைக்கு 300 கிலோமீட்டருக்கு அப்பால். திருவனந்தபுரத்து ராடார் பக்கம்தான், ஆனால் நடுவே பொதிகை மலை நிற்கிறது. 2023 டிசம்பர் 18 காலை எட்டரை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., பக்கத்துத் திருச்செந்தூரில் 69. ஒரே மழைதான், 26 செ.மீ. வித்தியாசம். இதைச் சொன்னது மழைமானி.

மழைமானியும் யோக்கியமில்லை, என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். சித்திரை மாதம். மொட்டை மாடியில் மழைமானி வைத்து, தினமும் எட்டரைக்குப் பார்த்து நோட்டில் சுழியம் சுழியமாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பார்த்தால் 31 மி.மீ.! கொடியில் துணி காய்ந்து மொறுமொறுவென்று தொங்குகிறது. போனில் ராடார் படத்தைப் பார்த்தேன், வானம் துடைத்துவிட்டது போல் இருக்கிறது. ராடாருக்குக் கண் தெரியவில்லை என்று டீக்கடையில் ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, “உங்க மாடிக்கு மட்டும் தனி மேகமா அண்ணாச்சி?” என்றார். மறுநாளும் 20 மி.மீ. மூன்றாம் நாள் விடியற்காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தேன். வந்தது மேகமில்லை, என் பேரன், கையில் சொம்பு! “தாத்தா தினமும் முட்டையே போடுறீங்க, பாவமா இருந்துச்சு” என்றான்.

அன்றைக்கு ராடார் சொன்னதுதான் சரி. மாடியில் வைத்ததும் என் தப்பு. அங்கே காற்று துளியைத் தள்ளிவிடும், அளவு குறைந்துபோகும். வெட்டவெளித் தரையில், மரத்தடி இல்லாமல், நட வேண்டும். ஆக, ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்த வேண்டும். அதற்கு மழைமானி நெருக்கமாக இருக்க வேண்டும். அதன் வாய் வெறும் 200 சதுர செ.மீ., அதை வைத்து ஒரு தாலுகாவையே எடை போடுகிறோம்! அதனால்தான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன்: குளத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று வையுங்கள். “ரெண்டு உழவு மழை” என்று மண்ணைக் கிளறி, ஈரம் இறங்கிய ஆழத்தைப் பார்த்து மழையளவு சொன்ன ஊர் இது. மாணவர்களுக்கு இது பெரிய வேலையா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். செயற்கைக்கோள் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். மேடைக்குப் பின்னால் 12 மழைமானி கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போங்கள். பேரப்பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்கள் சுற்றி ஒரு வேலியும் போட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.