தெரிந்த கல்யாணியில் தெரியாதவை

ரசிகப் பெருமக்களுக்கு வணக்கம்.

பாடகர் நாலு ஸ்வரம் தொட்டதும் பக்கத்தில் இருப்பவரிடம் "கல்யாணி" என்று சொல்லிவிடுகிறோம். அந்த நொடியோடு நம்மில் பலருக்கு ராகம் முடிந்துவிடுகிறது. மேடையில் இன்னும் இருபது நிமிடம் ஆலாபனை, அதாவது வரிகளும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது, நடக்கும். நாம் பெயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "எத்தனை தடவைதான் இதே கல்யாணி" என்று அலுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். காது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக வாங்கி வைத்துக்கொள்வதுதான் அந்த அலுப்புக்குக் காரணம். மூட்டையைப் பிரிக்கிற வழியைச் சொல்கிறேன்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற, பலமுறை கேட்ட ஓர் ஒலிப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்குக் குறையாத ஆலாபனையும் ஒரு கீர்த்தனையும் அதில் இருந்தால் போதும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலையைத்தான் காதுக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த தடவை கேட்பதற்கு நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். ஒரே நாளில் திருப்பித் திருப்பிப் போட்டால், அடுத்த பிடி என்ன என்று மனம் முன்னால் ஓடிவிடும், காது பின்தங்கிவிடும். கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். சிறிய ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் அநேகமாக வருவதில்லை. மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் முகமான தொப்பியையும் தம்புராவின் மந்தரத் தந்தியையும் இழந்துவிட்டுக் கேட்பதில் பாதி கச்சேரி போய்விடும். ஒரு நல்ல ஹெட்போன் போதும்.

முதல் தடவை தம்புராவை மட்டும் கேளுங்கள். தந்திகள் நான்கு: பஞ்சமம், ஷட்ஜத்தில் சேர்த்த இரண்டு சாரணை, கடைசியில் தாழ்ந்த மந்தர ஷட்ஜம். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் செருகிய ஜீவாளி நூல் சரியான இடத்தில் இருந்தால்தான் அந்த ரீங்காரம் பிறக்கும். மந்தரத் தந்தியை மீட்டி அது அடங்குவதற்குள் கவனியுங்கள்: யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் மேலே எழும்பும். அந்தர காந்தாரம். கல்யாணியின் காந்தாரமும் அதுதான். பாடகர் காந்தாரத்தில் வந்து நிற்கும்போது அரங்கமே நிறைந்ததுபோல் இருக்கிறதே, அதில் தம்புராவுக்கும் பங்கு உண்டு. முதலில் காதில் விழாது. ஷட்ஜத்தை வாய்க்குள் மெல்ல முனகிக்கொண்டே கேட்டால் சீக்கிரம் பிடிபடும்.

இரண்டாம் தடவை, பாடகர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். எந்த ஸ்வரத்தில் கார்வை கொடுக்கிறார், அதாவது நீட்டி நிற்கிறார்? காந்தாரத்திலா, பஞ்சமத்திலா, நிஷாதத்திலா? எங்கே நிற்காமல் நழுவுகிறார்? கல்யாணி ஏழு ஸ்வரமும் உள்ள ராகம். ஆனாலும் நல்ல வித்வான்கள் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தாண்டி, நி ரி க ம த நி என்று போவார்கள். காலூன்ற வேண்டிய இரண்டு இடங்களிலும் ஊன்றாமல் போவதால் கேட்கிறவருக்கு ஓர் ஏக்கம் உண்டாகிறது. பிறகு மேல் ஷட்ஜத்தில் வந்து சேரும்போது கூட்டம் தன்னை அறியாமல் தலையாட்டுகிறதே, அதற்கு வேலை முன்னாலேயே நடந்திருக்கிறது.

இங்கேதான் ஓரளவு சங்கீதம் கற்றவர்கள் தடுமாறுவார்கள். காதில் விழுவதை எல்லாம் மனசுக்குள் ஸ்வரமாக எழுதிக்கொண்டே போவார்கள். எழுத்து வந்ததும், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் மறைந்துவிடும். எழுத்தில் பார்த்தால், மேளம் என்கிற தாய் ராகங்களில் 29ஆம் மேளமான சங்கராபரணத்துக்கும் 65ஆம் மேளமான கல்யாணிக்கும் மத்தியமம் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் மத்தியமம் வருவதற்கு முன்பே இது எது என்று நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள் அல்லவா? மற்ற ஸ்வரங்களை அசைக்கிற விதமே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டு ராகத்திலும் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். காந்தாரம் எங்கே அசையாமல் நிற்கிறது, எங்கே அசைகிறது என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

வயலினுக்கென்றே ஒரு தடவை ஒதுக்குங்கள். பாடகரின் ஆலாபனையின்போது வயலின் எவ்வளவு பின்னால் வருகிறது, முழுப் பிடியையும் திருப்பிச் சொல்கிறதா, கடைசி ஸ்வரத்தை மட்டும் ஏந்திக்கொள்கிறதா என்று பாருங்கள். இதை ஒருமுறை கேட்டுவிட்டால் பக்கவாத்தியம் என்ற எண்ணமே மாறிவிடும்.

அடுத்தது நிரவல், அதாவது பாட்டின் ஒரு வரியையே மெட்டை மாற்றி மாற்றிப் பாடுவது. தியாகராஜரின் 'நிதி சால சுகமா' நம் எல்லோருக்கும் மனப்பாடம். தாளம் மிச்ரசாபு, ஏழு எண்ணிக்கை. 'மமத பந்தன யுத' என்ற வரியில் நிரவல் செய்வது வழக்கம். விரல்விட்டு ஒன்று முதல் ஏழு வரை எண்ண ஆரம்பித்தால், காலப்பிரமாணம் கொஞ்சம் விறுவிறுப்பானதும் விரல் சிக்கிக்கொள்ளும். 'தகிட தகதிமி' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். மூன்றும் நான்கும் தானாகப் பிரியும். இன்னொரு பிசகு, பல்லவி தொடங்கும் இடத்தையே சமம், அதாவது தாளத்தின் முதல் தட்டு, என்று நினைத்துத் தட்டுவது. பாட்டு சமத்தில்தான் எடுக்கும் என்பது இல்லை; ஆதி தாளப் பாட்டுகளில் அரை இடம், முக்கால் இடம் தள்ளி எடுப்பதெல்லாம் சகஜம். பாட்டு வருவதற்கு முன்பு மிருதங்கமோ பாடகரின் கையோ எங்கே விழுகிறது என்று பாருங்கள். தாளம் கைக்கு வந்த பிறகு நிரவலைக் கேட்டால், சொற்கள் தத்தம் இடத்தைவிட்டு நகராமல் இருக்க, மெட்டு மட்டும் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும், அதாவது தாளச் சுற்றிலும், மாறுவது தெரியும். இத்தனை கட்டுப்பாட்டுக்குள் அத்தனை சுதந்திரம் இருக்கிறது. நிரவலைத்தான் நான் கச்சேரியின் உச்சம் என்பேன். கற்பனையாகப் பாடும் ஸ்வரத்துக்குக் கிடைக்கிற கைதட்டல் இதற்குக் கிடைப்பதில்லை.

கடைசியாக, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். தயவுசெய்து அப்போது காபிக்கு எழுந்து போகாதீர்கள். மிருதங்கத்தின் வலந்தலை, தொப்பி என்ற இரண்டு முகங்களில் தொப்பியை மட்டும் கொஞ்ச நேரம் தொடருங்கள். அதில் அப்பிய ரவை காயக் காய நாதம் மாறும். வித்வான் தண்ணீர் தொட்டுத் தடவுவது அதைச் சரிக்கட்டத்தான். கடமோ கஞ்சிராவோ இருந்தால், இருவரும் மாறிமாறி வாசிக்கும் அளவு படிப்படியாகக் குறுகும். பிறகு சேர்ந்து மோரா என்ற முத்தாய்ப்பு, அதன்பின் கோர்வை என்ற முடிவுக் கணக்கு. கோர்வை மூன்று தடவை வரும். முதல் தடவை சும்மா கேளுங்கள், இரண்டாவதில் தாளத்தோடு பொருத்துங்கள், மூன்றாவதில் அது பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் போய் முடிவதற்குக் காத்திருங்கள்.

இப்போது ஒரு கல்யாணி ஆலாபனையின் முதல் ஐந்து நிமிடத்தைப் போடுகிறோம். இந்த முறை எல்லோருக்கும் ஒரே வேலை: கார்வை விழும் ஸ்வரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஷட்ஜத்துக்கு மேலேயா கீழேயா என்று எழுதினாலும் சரி.