ஈம் ஊரைக் காத்தது ஊர் மக்களே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"பிளேக் காலத்தில் ஈம் கிராமம் செய்த தியாகத்துக்குக் காரணம் தலைவர்களின் வழிகாட்டுதலா, ஊர் மக்களின் மன உறுதியா?" இதுதான் இன்றைய தலைப்பு. நோய் வெளியூர்களுக்குப் பரவக் கூடாது என்று ஊரே தன் எல்லைக்குள் தன்னை அடைத்துக்கொண்டதுதான் அந்தத் தியாகம். அதற்குக் காரணம் ஊர் மக்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் மூன்று விஷயங்களைச் சொன்னார். பாதிரியார் வில்லியம் மாம்பெசன் திட்டம் வகுத்தார். டெவன்ஷர் பிரபு உணவு அனுப்பினார். மாம்பெசன் தன் மனைவியையே பறிகொடுத்தார். மூன்றும் உண்மைதான், எதையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் திட்டம் போட்டவரை மட்டும் பார்த்துவிட்டு, அதைத் தன் வீட்டுப் பிணங்களைக் கொண்டு நிறைவேற்றியவர்களைப் பார்க்காமல் போகலாமா?

ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் டெர்பிஷர் மாவட்டத்தில், பீக் மலைப்பகுதியில் இருக்கும் சின்ன ஊர் இது. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'எயாம்' என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் 'ஈம்' என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 'ஈமச்சடங்கு' என்ற நம் சொல் நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் ஈமச்சடங்கே இல்லாமல் தன் பிள்ளைகளைப் புதைத்த ஊர் அது, அதனால் அந்த நினைப்பு என்னை விட மாட்டேன் என்கிறது.

விவசாயமும் ஈயச் சுரங்க வேலையும் செய்து பிழைத்த மக்கள். 1665-ஆம் ஆண்டு கோடையின் கடைசியில் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு ஒரு துணி மூட்டை வந்தது. ஈரமாக இருந்த துணியை ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற உதவியாளர் நெருப்புக்குப் பக்கத்தில் விரித்துக் காயப் போட்டார். துணியில் பிளேக் நோயைச் சுமந்த தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்று சொல்லப்படுகிறது. செப்டம்பர் 7-ஆம் தேதி அவரைப் புதைத்தார்கள். 14 மாதங்களில் 260 பேர் போய்விட்டார்கள். ஊரில் அப்போது எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் 350 முதல் 800 வரை வெவ்வேறு கணக்கு சொல்கிறார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் சாவு எட்டிப் பார்க்காத தெரு இருந்திருக்காது.

சரி, மாம்பெசனுக்கு வருவோம். 1664-இல்தான் அவர் அந்த ஊருக்கு வந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவருக்கு முன்பு அங்கே பாதிரியாராக இருந்தவர் தாமஸ் ஸ்டான்லி; அரசு வகுத்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துப் பதவியை இழந்தவர். ஊரில் பலருடைய மனம் அந்தப் பழையவரிடமே இருந்தது. ஆக, புதியவரிடம் பதவி இருந்தது, நம்பிக்கை இல்லை. பழையவரிடம் நம்பிக்கை இருந்தது, பதவி இல்லை. நண்பர் சொன்ன 'தலைமை' இதில் எந்தக் கையில் இருந்தது என்று கேட்கிறேன்.

1666 ஜூன் மாதம் இருவரும் சேர்ந்து நின்று ஊரிடம் பேசினார்கள். யாரும் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டாம். அவரவர் வீட்டுச் சாவை அவரவரே தோட்டத்திலோ வயலிலோ புதைத்துக்கொள்ள வேண்டும். தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில், திறந்த வெளியில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று ஜெபம் செய்ய வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

நடுவர் அவர்களே, ஊர் எல்லையில் மதில் கிடையாது. ராணுவம் நிற்கவில்லை. சுற்றிலும் வெறும் மேடும் புல்வெளியும்தான், ராத்திரியில் நடந்தால் விடிவதற்குள் வெகுதூரம் போய்விடலாம். போகாதே என்று சொல்ல இரண்டு பாதிரியார்களால் முடியும். போகாமல் இருக்க வேண்டியது யார்?

அந்த எல்லையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஈமுக்கும் அடுத்த ஊரான ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவே, புல்வெளியில் ஒரு பாறாங்கல் கிடக்கிறது. அதன் மேல் ஆறு குழிகள். குழியில் வினிகரை ஊற்றி, காசை அதில் போட்டுவிட்டு ஈம்காரர் திரும்பிப் போய்விடுவார். அவர் போன பிறகு அடுத்த ஊர்க்காரர் வந்து, சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார். நோய் எப்படிப் பரவுகிறது என்று இருவருக்குமே தெரியாது. காசில் ஒட்டிக்கொண்டு போகுமோ என்ற பயம் மட்டும் இருந்தது. தன் வீட்டில் பிணம் விழுந்துகொண்டிருக்கும்போது, தன் காசு அடுத்த ஊர்க்காரனைக் கொன்றுவிடக் கூடாதே என்று வினிகரில் போட்டாரே ஒருவர், அவர் பெயர் எந்தப் பிரசங்கத்திலும் இல்லை.

பிரபு சாப்பாடு அனுப்பினார் என்றார் நண்பர். சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து அனுப்பினார், நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் எல்லையில்தான் வைக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் எல்லையை மதித்ததால்தான் வெளியே இருந்தவர்களால் துணிந்து கொண்டுவந்து வைக்க முடிந்தது.

இனி ஆகஸ்ட் மாதம். நோய் உச்சத்தில் இருந்த மாதம். ஊருக்கு வெளியே மேட்டில் ரைலி என்ற பண்ணையில் எலிசபெத் ஹான்காக் என்ற தாய் இருந்தார். ஆகஸ்ட் 3 முதல் 10 வரை, எட்டே நாட்களில், கணவனும் ஆறு பிள்ளைகளும் செத்துப்போனார்கள். குழி வெட்ட ஆள் இல்லை. வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு, ஒவ்வொரு உடலாக இழுத்துக்கொண்டு போய், வீட்டுப் பக்கத்து வயலில் தானே புதைத்தார். ஸ்டோனி மிடில்டன் மக்கள் எதிர்மேட்டில் நின்று பார்த்தார்கள், கிட்டே வர முடியவில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல். கண்ணுக்கெட்டிய தூரத்தில் நோய் இல்லாத ஊர். அந்த எட்டு நாளில் அந்தத் தாய்க்கு வழி காட்டியது யார்? எந்தப் பாதிரியாரும் மண்வெட்டியின் மறுமுனையைப் பிடிக்கவில்லை.

மாம்பெசனின் துயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் மனைவி கேத்தரின் ஆகஸ்ட் 25-ஆம் தேதி இறந்தார், வயது 27. நோயாளிகளின் வீடுகளுக்குக் கணவரோடு போய் வந்தவர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தம்பதி தங்கள் பிள்ளைகளை முன்கூட்டியே வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். பெற்றவர்கள் செய்வதுதான் அது, நான் குறை சொல்லவில்லை. கையில் காசும் வெளியே உறவும் இருந்த சிலரும் அப்படிப் போனார்கள். சுரங்கத் தொழிலாளிக்கும் கூலிக்காரருக்கும் அனுப்ப இடம் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் அவர்களோடுதான் இருந்தார்கள். அப்படியானால் அந்தத் தியாகத்தில் பெரிய பங்கு யாருடையது?

நோய் 1666 நவம்பரில் நின்றது. அப்புறம் சில ஆண்டுகளில் மாம்பெசன் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். ஸ்டான்லியும் காலமானார். தலைவர்கள் போய்விட்டார்கள், இந்தக் கதை 350 வருஷத்துக்கும் மேலாக எப்படிப் பிழைத்தது? ஊர் மக்கள் சுமந்தார்கள். யார் யார் இறந்தார்கள் என்ற பெயர்ப் பலகைகளை அந்தந்த வீட்டின் முன்னால் இன்றைக்கும் பார்க்கலாம். ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று அதே கக்லெட் டெல்ஃபில் கூடுகிறார்கள். கிளாரன்ஸ் டேனியல் என்ற உள்ளூர்க்காரர் தன் வீட்டிலேயே சேர்த்து வைத்த பொருட்களை வைத்துத்தான் ஊர் அருங்காட்சியகம் பிறந்தது. 1994-இல் திறந்தார்கள், ஊர்த் தொண்டர்களின் உழைப்பில் நடக்கிறது.

அதே ஆகஸ்டில் கிணறுகளுக்குப் பூ அலங்காரமும் செய்கிறார்கள். மரப்பலகையில் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் படத்தைக் கீறி, பூவிதழையும் விதையையும் பாசியையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துவார்கள். பாட்டியும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. ஒரு வாரத்தில் களிமண் காய்ந்து, இதழ்கள் வாடி உதிர்ந்துவிடும் என்று தெரிந்தேதான் அத்தனை மணிநேரம் குனிந்து உட்காருகிறார்கள். இதைச் செய்யச் சொல்லி அவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

நடுவர் அவர்களே, அந்த எல்லைக் கல்லின் ஆறு குழிகளும் இன்னும் இருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் இப்போதும் அதில் காசு போட்டுவிட்டு வருகிறார்கள். அந்தக் காசு யாருக்கு என்று யோசித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.