அதிபருக்குச் சொல்லாத இரகசியம்

அவைத் தலைவர் அவர்களே, அரங்கில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

உளவு நிறுவனங்களைக் கண்டித்து நூல் எழுதுவோரில் பலர் அங்கே பணியாற்றி வெளியேறியவர்கள். மற்றவர்கள் அவற்றின் வாசலையே மிதிக்காதவர்கள். டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் இந்த இரு வகையிலும் சேராதவர். 1973 முதல் 1975 வரை புதுதில்லியில் அமெரிக்கத் தூதராகவும், 1977 முதல் 2001 வரை நியூயார்க் மாநிலத்தின் செனட் உறுப்பினராகவும் இருந்தவர். உளவுத்துறையைக் கண்காணிக்கும் செனட் குழுவின் துணைத் தலைவர் பொறுப்பையும் வகித்தவர்.

அவருடைய பேனா நம் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்டுகள் வெற்றி பெறாமல் தடுக்க, அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. இருமுறை காங்கிரஸ் கட்சிக்குப் பணம் கொடுத்தது என்றும், அதில் ஒருமுறை, அப்போது கட்சிப் பொறுப்பில் இருந்த இந்திரா காந்தியிடமே கொடுத்தது என்றும் 1978இல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார். இந்திரா அதை மறுத்தார்.

1984இல் நிகராகுவாவின் துறைமுகங்களில் சி.ஐ.ஏ. கண்ணிவெடி வைத்த செய்தி வெளியானது. கண்காணிப்புக் குழுவுக்கு அதைத் தெரிவித்துவிட்டதாக நிறுவனம் வாதிட்டது. நீண்டதொரு விளக்கத்தின் நடுவே ஒற்றை வாக்கியமாக அதை நுழைத்திருந்தார்கள் என்பதுதான் உண்மை. சொல்லியும் சொல்லாமலும் விடுகிற இந்தக் கலையில் அவர்களுக்கு ஈடில்லை. மொய்னிஹன் துணைத் தலைவர் பதவியைத் துறப்பதாக அறிவித்தார். இயக்குநர் வில்லியம் கேஸி மன்னிப்புக் கேட்ட பிறகே அந்த முடிவைக் கைவிட்டார்.

ஆனால் உளவாளிகள் தீயவர்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு அன்று. மறைத்து வைத்த தகவலை எவரும் சரிபார்க்க முடியாது, ஆகவே அதிலுள்ள பிழை பிழையாகவே வளர்கிறது என்பதே 1998இல் வெளியான 'சீக்ரெசி' என்ற நூலில் அவர் முன்வைத்த வாதம். இரகசியத்தை அவர் ஒருவகை அரசுக் கட்டுப்பாடு என்றார்; மற்றக் கட்டுப்பாடுகள் குடிமகன் எதைச் செய்யலாம் என்று வரையறுக்கின்றன, இதுவோ அவன் எதை அறியலாம் என்று வரையறுப்பதோடு, அப்படியொரு வரையறை இருப்பதையே அவனிடமிருந்து மறைத்துவிடுகிறது.

இதற்கு அவர் காட்டிய சான்று 'வெனோனா'. சோவியத் உளவுத் தந்திகளின் சங்கேதத்தை அமெரிக்க இராணுவம் 1940களில் உடைக்கத் தொடங்கியது. அமெரிக்க அரசுக்குள் இருந்த ஒற்றர்கள் பலர் அதனால் அடையாளம் காணப்பட்டார்கள். ஆனால் அதிபர் ட்ரூமனுக்கு அதைத் தெரிவிக்க வேண்டாம் என்று தளபதி ஒமர் பிராட்லி முடிவு செய்தார் என்கிறார் மொய்னிஹன். மாஸ்கோவுக்கோ, பிரிட்டிஷ் உளவுத்துறையில் இருந்துகொண்டே சோவியத்துக்கு ஒற்றராக வேலை செய்த கிம் ஃபில்பி போன்றோர் வழியாகச் செய்தி முன்பே எட்டிவிட்டது. எதிரி அறிந்திருந்தான், அதிபரும் மக்களும் அறியவில்லை. சான்றுகளை உரிய காலத்தில் வெளியிட்டிருந்தால் அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருக்கிறார்கள் என்று செனட் உறுப்பினர் மெக்கார்த்தி கிளப்பிய வரைமுறையற்ற குற்றச்சாட்டுகள் அவ்வளவு தூரம் பரவியிருக்காது என்பது அவர் கருத்து. ட்ரூமனுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அந்தத் தந்திகள் 1995 வரை மக்கள் பார்வைக்கு வரவில்லை என்பதில் ஐயமில்லை.

அவர் சற்று மிகைப்படுத்தினார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். சோவியத் பொருளாதாரத்தின் வலிமையைச் சி.ஐ.ஏ. மிகையாக மதிப்பிட்டது என்று அவர் ஓயாமல் சாடினார். அதன் வளர்ச்சி தளர்ந்து வருவதை அந்நிறுவனத்தின் அறிக்கைகளே குறிப்பிட்டிருந்தன என்பதற்கு அவர் உரிய இடம் தரவில்லை. 1991இல் அந்த நிறுவனத்தையே கலைத்து, அதன் பணிகளை வெளியுறவுத் துறையிடம் ஒப்படைக்கவும் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

அரசு இரகசியம் குறித்த ஆணையத்துக்குத் தலைமையேற்று அவர் 1997இல் அளித்த அறிக்கையை, இந்த மசோதாவைவிட முக்கியமானதாக நான் கருதுகிறேன். எதை மறைக்கலாம், எவ்வளவு காலம் மறைக்கலாம் என்பதை அதிபரின் ஆணைக்கு விட்டுவிடாமல், நாடாளுமன்றம் சட்டமாக இயற்ற வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. மொய்னிஹன் 2003இல் மறைந்தார். அதன் பிறகு, 2009இல், இரகசிய ஆவணங்களுக்கான விதிகள் புதிதாக எழுதப்பட்டன. அப்போதும் அவை அதிபரின் ஆணையாகவே வந்தன.