வீட்டுச் சொல்தான்!

நடுவர் அவர்களே, எதிரணியினரே, பெரியோர்களே, வணக்கம். "உடம்பைப் பற்றிய பதற்றத்தை வளர்ப்பது வீட்டுச் சொல்லா, செல்போன் திரையா?" வீட்டுச் சொல்தான்!

நான் ஒரு பள்ளிக்கூட டீச்சர். கொரோனா முடிஞ்சு, மாஸ்க் வேண்டாம்னு ஆன நேரம். வகுப்பே கழற்றிருச்சு, ஒரு பொண்ணு மட்டும் கழற்றல. மத்தியானம் பார்க்கிறேன், டிபன் பாக்ஸோட சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்கு. மாஸ்க்கை இறக்கும், ஒரு வாய் தயிர்சாதம், ஏத்திக்கும். மறுபடி இறக்கும், ஒரு வாய், ஏத்திக்கும்! பெல் அடிக்கும்போது பாதி டப்பா மிச்சம். கேள்வி கேட்டா பதில் தெரியும், பேச்சு வராது. உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். ஏம்மான்னு கேட்டேன். "பரு டீச்சர். 'இந்த மூஞ்சியோடவா வெளிய போறே'ன்னு அத்தை கேட்டாங்க."

மறைச்ச நிமிஷம் நிம்மதிதான். ஆனா மறைக்க மறைக்கப் பயம் வளருது. அப்புறம் மறைக்காம வாசல் தாண்டவே முடியாது.

எதிரணி ஐயா சொன்னார்: "எங்களையும் குண்டன், கட்டையன்னு கூப்பிட்டாங்க, சிரிச்சுட்டுப் போனோம். இந்தப் படபடப்பெல்லாம் செல்போன் வந்த பிறகுதான்." ஐயா, ஃபேர் அண்ட் லவ்லி வந்தது 1975-ல. அப்போ யார் கையில செல்போன் இருந்துச்சு? பொண்ணு பார்க்க வர்றாங்க, பூசிக்கோன்னு சொன்னது யாரு? 2020-ல கம்பெனியே பேர்ல இருந்து 'ஃபேர்'ஐ எடுத்துருச்சு. நம்ம வாயில இருந்து போச்சா? செல்போன் பிள்ளை கைக்கு வர வருஷங்கள் ஆகும். குங்குமப்பூப் பால் வயித்துக்குள்ளேயே வந்துடுதே! நீங்க சிரிச்சுட்டுப் போனீங்க, சந்தோஷம். சிரிக்க முடியாதவங்க மேடை ஏறல ஐயா, சொந்தக்காரங்க கல்யாணத்துக்கே வராம நின்னுட்டாங்க. அவங்களுக்காகத்தான் நான் பேசுறேன்.

இன்ஸ்டாகிராம் பல பெண்பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பு மேல இருக்கிற வெறுப்பைக் கூட்டுதுன்னு ஃபேஸ்புக்கோட உள் ஆய்வே சொன்னது 2021-ல வெளியே வந்தது. ஒத்துக்கிறேன். ஆனா திரையில வர்றவங்க பேர் சொல்லிக் கூப்பிட்டு, "என்னடி இப்படி ஊதிட்டே"ன்னு கேக்கிறதில்ல. கேக்கிறது சோறு போடுறவங்க.

அம்மாக்களே, அப்பாக்களே! பிள்ளை காய்ச்சல்ல கிடந்தப்போ ராத்திரி முழுக்க நெத்தியில ஈரத்துணி போட்டவங்க நீங்க. அப்போ நிறமா பார்த்தீங்க? எடையா பார்த்தீங்க? கண்ணைத் திறந்தா போதும்னுதானே வேண்டினீங்க! அதே கண்ணோட நாளைக்குக் காலையில அந்தப் பிள்ளையைப் பாருங்க. தீர்ப்பை நடுவர் யாருக்கு வேணும்னாலும் கொடுக்கட்டும், எனக்கு அது போதும். நன்றி, வணக்கம்.