47 பேரின் ‘உள்ளேன் ஐயா’: பதவி நீக்கம் என்றாலே கொட்டாவி விடும் அமெரிக்கா

வணக்கம் நண்பர்களே. இன்று கொஞ்சம் எரிச்சலோடுதான் கேமரா முன் உட்கார்ந்திருக்கிறேன். 2025 டிசம்பர் 11ஆம் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில், அதிபர் ட்ரம்ப்பைப் பதவி நீக்கம் செய்யக் கோரும் தீர்மானம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. டெக்சாஸைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஆல் கிரீன் கொண்டுவந்த தீர்மானம் அது. சட்டவிரோத உத்தரவுகளை ராணுவத்தினர் மறுக்கலாம் என்று காணொளியில் சொன்ன ஆறு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் செயலை மரண தண்டனைக்குரிய கலகம் என்று ட்ரம்ப் எழுதியதும், நீதிபதிகளை மிரட்டும் வகையில் பேசுவதும்தான் குற்றச்சாட்டுகள். தீர்மானத்தைக் கிடப்பில் போட 237 பேர் வாக்களித்தார்கள், கூடாது என்று 140 பேர் வாக்களித்தார்கள். மீதமிருந்த 47 பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆதரவும் சொல்லாமல் எதிர்ப்பும் சொல்லாமல் ‘பிரசென்ட்’ என்று பதிவு செய்துவிட்டு அமர்ந்துவிட்டார்கள். வாத்தியார் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ என்போமே, அதேதான்.

எனக்கு எரிச்சல் தந்தது அந்த வாக்கு மட்டுமல்ல. ஓர் அதிபரை நீக்கச் சொல்லும் தீர்மானத்தின் மீது நடந்த வாக்கெடுப்பு, அன்றைய செய்திகளில் வானிலை அறிக்கைக்குக் கிடைக்கும் இடத்தைக்கூடப் பெறவில்லை என்பதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. நான் பார்த்த செய்தி அறிக்கைகளில், ‘தோல்வி’ என்ற ஒரே சொல்லோடு விஷயம் முடிந்துவிட்டது.

என் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு என் கிறுக்குத்தனம் தெரியும். வாக்கெடுப்புப் பட்டியல் எது வந்தாலும் அதை அச்செடுத்து வண்ணப் பென்சிலால் தீட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும். இந்த முறையும் கிடப்பில் போடச் சொன்னவர்களுக்குச் சிவப்பு, வேண்டாம் என்றவர்களுக்குப் பச்சை. இந்த 47 பேருக்கு எந்த நிறம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். மஞ்சள் தீட்டினால் ஏதோ எச்சரிக்கை விடுத்தவர்கள் போலத் தெரிகிறது, நீலம் தீட்டினால் அவர்களுடைய கட்சி நிறமாகவே ஆகிவிடுகிறது. கடைசியில் வெறும் பென்சிலால் ஒரு கோடு மட்டும் இழுத்து விட்டுவிட்டேன், அவர்களுக்கு அது போதும். பிறகு மூன்றையும் கூட்டினால் 424 சரியாக வந்தது. என் எண்ணிக்கையில் ஒருவர்கூடத் தவறவில்லை என்பதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே ஜூன் மாதத் தாளையும் வைத்துப் பார்த்தேன். ஈரான் மீது நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் குண்டு வீசப்பட்டதைக் காட்டி, இதே ஆல் கிரீன் ஜூன் 24ஆம் தேதி ஒரு தீர்மானம் கொண்டுவந்தாரே, அன்று கிடப்பில் போடச் சொன்னவர்கள் 344, எதிர்த்தவர்கள் 79. அவருடைய சொந்தக் கட்சியினரே 128 பேர் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார்கள். ஆறு மாதம் கூட ஆகவில்லை, அந்த 128 இப்போது 23 ஆகச் சுருங்கியிருக்கிறது, 79 என்பது 140 ஆக ஏறியிருக்கிறது. ‘தோல்வி’ என்று எழுதியவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாலே அது வேறு செய்தியாகியிருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரம்ப்பை நீக்கியே தீர வேண்டும் என்று வாதாட நான் இங்கே வரவில்லை, அது அமெரிக்க வாக்காளர்களின் பாடு. அந்தக் கோரிக்கை எழும்போதெல்லாம் அது கேட்கப்படவே தகுதியற்றது என்று ஒரு சின்ன வட்டம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறதே, அதன் பிறகு ‘மக்களுக்கு ஆர்வமில்லை’ என்று மக்கள் தலையில் பழியைப் போடுகிறதே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

இது ட்ரம்ப் காலத்து நோயும் அல்ல. 2008 ஜூன் 9ஆம் தேதி, ஒஹையோவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் டென்னிஸ் குசினிச் அவையில் எழுந்து, அன்றைய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ புஷ் மீது 35 குற்றச்சாட்டுகளை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நின்று வாசித்தார். ஈராக் போருக்குச் சொல்லப்பட்ட காரணங்கள், சித்திரவதை, வாரண்ட் இல்லாத ஒட்டுக்கேட்பு என்று எல்லாமே அதில் இருந்தன. நாடாளுமன்ற நடவடிக்கைகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் அலைவரிசை அதை நேரலையில் காட்டியது. நான் அந்தப் பதிவை முழுவதும் பார்த்தவன். நடுவில் இணையம் தொங்கி, மறுபடியும் சித்திரவதைப் பகுதியிலிருந்தே தொடங்கியபோது எனக்கு வந்த கோபத்தைப் பற்றித் தனிக் காணொளியே போடலாம், இன்று வேண்டாம். இரண்டு நாள் கழித்து 251க்கு 166 என்ற வாக்கில் அந்தத் தீர்மானம் நீதித்துறைக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. அனுப்பப்பட்டது என்று சொன்னால் மரியாதையாக இருக்கிறது, புதைக்கப்பட்டது என்பதுதான் உண்மை. ஜூலையில் அந்தக் குழு ஒரே ஒரு விசாரணைக் கூட்டம் நடத்தியது, அதற்கும் ‘அதிபரின் அதிகாரமும் அதன் அரசியலமைப்பு எல்லைகளும்’ என்ற பொருளில் பாடப்புத்தகத் தலைப்பு போல ஒன்றைச் சூட்டியிருந்தார்கள்.

ஏன் என்று கேட்டால், 2006 தேர்தல் நேரத்திலேயே, சபையில் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த நான்சி பெலோசி பதவி நீக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கதவைச் சாத்திவிட்டார். கட்சித் தலைமை சாத்திய கதவைப் பத்திரிகைகள் எதற்குத் தட்டப்போகின்றன?

இந்த இடத்தில் நான் எப்போதும் மேற்கோள் காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. 2005 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் கருத்துக்கணிப்புப் பொறுப்பாளராக இருந்த ரிச்சர்ட் மோரினிடம், புஷ்ஷைப் பதவி நீக்கலாமா என்ற கேள்வியை ஏன் கணிப்பில் சேர்ப்பதில்லை என்று வாசகர்கள் இணைய உரையாடலில் கேட்டார்கள். அவர் கோபப்பட்டார். ஜனநாயகக் கட்சித் தலைமையில் யாருமே அதைக் கோரவில்லை, ஆகவே அது பொருட்படுத்தத் தக்க விஷயமில்லை, அவர்கள் கோரினால் நாங்களும் கேட்போம் என்பதுதான் அவர் சொன்ன பதிலின் சாரம். இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். தலைவர்கள் வாய் திறக்கக் கருத்துக்கணிப்புக்குக் காத்திருக்கிறார்கள். கணிப்பு நடத்துபவர்கள் கேள்வி கேட்கத் தலைவர்களுக்குக் காத்திருக்கிறார்கள். பத்திரிகை ஆசிரியர்கள் இரண்டுக்கும் காத்திருக்கிறார்கள். இந்தச் சுற்றில் மக்கள் எந்த இடத்திலும் இல்லை, ஆனால் அலட்சியம் மட்டும் மக்களுடையதாம்!

கேட்டபோது மக்கள் என்ன சொன்னார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. 2007 ஜூலையில் அமெரிக்கன் ரிசர்ச் குரூப் என்ற நிறுவனம் கேட்டது. புஷ் மீது நடவடிக்கை தொடங்கலாம் என்றவர்கள் 45 சதவீதம், வேண்டாம் என்றவர்கள் 46 சதவீதம். துணை அதிபர் டிக் செனிக்கு எதிராக என்றால் ஆதரவு 54 சதவீதம். நாட்டில் பாதிப் பேர் விரும்புவதை ‘ஓரத்தில் நிற்கும் சிலரின் கூச்சல்’ என்று தள்ளிவிட்டுப் போக முடியுமா?

அடடா, வெர்மாண்ட் மாநிலத்தைச் சொல்லாமலே தாண்டி வந்துவிட்டேன், அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2006 மார்ச்சில் நியூஃபேன் என்ற சிற்றூரில் ஆண்டு ஊர்க் கூட்டம் கூடி, சாலைப் பராமரிப்பு முதலிய ஊர்க் காரியங்களைப் பேசும் அதே மேடையில், புஷ்ஷைப் பதவி நீக்க வேண்டும் என்று 121க்கு 29 என வாக்களித்தது. அடுத்த ஆண்டு அந்த மாநிலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் அதைப் பின்பற்றின. 2007 ஏப்ரல் 20 அன்று மாநிலச் செனட் சபையே 16க்கு 9 என்று தீர்மானம் போட்டது. ஐந்தே நாளில் மாநிலத்தின் கீழவை அதை 87க்கு 60 என்று தள்ளிவிட்டது என்பது வேறு கதை. மாநிலச் சட்டமன்றங்களும் பதவி நீக்க நடவடிக்கையைத் தொடங்கிவைக்கக் கோரலாம் என்று தாமஸ் ஜெஃபர்சன் தொகுத்த அவை நடைமுறை நூலில் இருப்பதை அந்த மக்கள் தேடிப் பிடித்து வைத்திருந்தார்கள். இப்படித் தேடிப் படிக்கிற மக்களைத்தான் ஆர்வமில்லாதவர்கள் என்கிறார்கள்.

தலைமைகளின் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1998 டிசம்பர் 19ஆம் தேதி குடியரசுக் கட்சியினர் பில் கிளின்டன் மீது குற்றச்சாட்டுகளை நிறைவேற்றிய கையோடு கேலப் எடுத்த கணிப்பில் அவருடைய செல்வாக்கு 73 சதவீதத்துக்கு எகிறியது. அதற்கு முந்தைய மாதத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஐந்து இடங்களைக் கூடுதலாகப் பிடித்திருந்தது. அந்தச் சூடு இரு கட்சிகளுக்கும் இன்னும் நினைவில் இருக்கிறது. மேலும், பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை இருந்தால் குற்றம் சாட்டிவிடலாம், ஆனால் செனட்டில் நீக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது எல்லோரும் வந்திருந்தால் 67 பேர். 2021 பிப்ரவரியில் ட்ரம்ப்புக்கு எதிராக 57 பேர் கிடைத்தும் அவர் விடுவிக்கப்பட்டார். இரண்டு முறை இந்த நாடகத்தைக் கடைசிக் காட்சி வரை பார்த்த மக்களுக்குச் சலிப்பு வந்திருந்தால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். பைடனுக்கு எதிராகவும் அவர் பதவியேற்ற மறுநாளே தீர்மானம் தாக்கலானது, பின்னர் அதிகாரபூர்வ விசாரணையும் நடந்தது, ஆனால் குற்றம் சாட்டுவதற்கான இறுதி வாக்கெடுப்பு வரை எதுவும் வரவில்லை. அடிக்கடி வீசினால் ஆயுதம் மழுங்கும்.

ஆனாலும் அந்தச் சலிப்பை நிரந்தரம் என்று நம்பாதீர்கள். என் சுவரில் ஒட்டியிருக்கும் 2019ஆம் ஆண்டுத் தாளைப் பல காணொளிகளில் பின்னணியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆண்டு ஜூலை 17ஆம் தேதி ஆல் கிரீனின் தீர்மானம் 332க்கு 95 என்று கிடப்பில் போடப்பட்டது, ஜனநாயகக் கட்சியினரே 137 பேர் அதற்கு உடன்பட்டார்கள். டிசம்பர் 18ஆம் தேதி, அதே சபை, அதே உறுப்பினர்கள், 230க்கு 197 என்று ட்ரம்ப் மீது குற்றம் சாட்டியது. இடையில் ட்ரம்ப் யுக்ரேன் அதிபரோடு நடத்திய தொலைபேசி உரையாடல் வெளியே வந்தது என்பது உண்மை, அது புதிய குற்றச்சாட்டு என்பதும் நியாயமான பதில்தான். ஆனால் 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றிய முல்லர் அறிக்கை அந்த ஏப்ரல் முதலே எல்லோர் மேசையிலும் கிடந்ததே, நீதி விசாரணைக்குத் தடையாக இருந்திருக்கக்கூடிய நிகழ்வுகளை அது வரிசையாக அலசியிருந்ததே, அப்போது ஏன் யாருக்கும் அசைவு இல்லை? செப்டம்பர் 24ஆம் தேதி பெலோசி விசாரணையை அறிவித்த பிறகுதான் எல்லா அலைவரிசைகளுக்கும் ஒரே நாளில் உயிர் வந்தது.

அதிபர் நிக்சன் காலத்திலும் இதே கதைதான். 1973 ஜூலை 31ஆம் தேதி முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் மாசசூசெட்ஸ் உறுப்பினரும் இயேசு சபைப் பாதிரியாருமான ராபர்ட் டிரினன். கம்போடியா மீது ரகசியமாகக் குண்டு வீசியதுதான் அவர் சொன்ன குற்றம். அவருடைய கட்சித் தலைமைக்கே அது தலைவலியாக இருந்தது. அந்தக் கோடையில் நிக்சனை நீக்க வேண்டும் என்றவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான், 1974 ஆகஸ்டில் பாதிக்கும் மேல். இடையில் அக்டோபர் 20 இரவு, வாட்டர்கேட் விவகாரத்தில் தன்னை விசாரித்த சிறப்பு வழக்கறிஞரை நிக்சன் நீக்க வைத்தார், கண்டனத் தந்திகள் வந்து குவிந்தன. டிரினன் சொன்ன கம்போடியா குற்றச்சாட்டை மட்டும் நீதித்துறைக் குழு 26க்கு 12 என்று நிராகரித்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும், அந்தக் கணக்கு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மறுபடியும் அந்த 47 பேருக்கு வருகிறேன். அவர்களில் சபையில் ஜனநாயகக் கட்சியின் தலைவரான ஹக்கீம் ஜெஃப்ரீஸும் ஒருவர். பதவி நீக்கம் என்றால் முழுமையான விசாரணை முதலில் நடக்க வேண்டும், அது நடக்கவில்லை என்பது தலைமை தந்த விளக்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விசாரணைக் குழுக்கள் எல்லாம் பெரும்பான்மையான குடியரசுக் கட்சியின் கையில் இருக்கின்றன, அவர்கள் தங்கள் அதிபரை விசாரிக்கப் போவதில்லை. அப்படியானால் 2026 நவம்பர் தேர்தலில் சபை கைமாறினால் ஜெஃப்ரீஸ் அந்த விசாரணையைத் தொடங்குவாரா, மாட்டாரா? ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டிய கேள்வி இது. இதற்கும் ‘பிரசென்ட்’ என்பதுதான் பதில் என்றால், அதையாவது மைக் முன்னால் வந்து சொல்லட்டும், என் பட்டியலில் பென்சில் கோட்டைப் பேனாவால் அழுத்தி இழுத்துவிடுகிறேன்.